கேரவன் கணக்கு

படப்பிடிப்புக்குப் போகும் கேரவனில் ஏ.சி., ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, தலைமுடி காயவைக்கும் டிரையர் எல்லாம் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட முடியாது. இதை நடிகரிடம் நேராகச் சொல்லும் வழக்கம் கிடையாது. டச்-அப் பையனிடம் சொன்னால் அவன் மேனேஜரிடம் சொல்வான். மேனேஜர் இறங்கி வந்து, "இவ்ளோ பெரிய வண்டி, இதுகூட முடியாதாப்பா?" என்று என்னையே கேட்பார். சினிமாவில் நான் பார்த்த வேலையில் பாதி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது. மீதி, டீசல் ஊற்றுவது.

நான் தேவிகாபுரத்துக்காரன். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கிற சேலைகள் ஆரணி ஊருக்குள் மட்டும் நெய்தவை அல்ல. எங்கள் ஊர் மாதிரி சுற்றுவட்டாரத் தறிகளிலிருந்தும் போகின்றன. வீட்டில் இரண்டு பள்ளத்தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அண்ணன். எனக்குத் தறி படியவில்லை. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு, 2011-ல் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துச் சாலிகிராமம் போய், வாடகைக்குக் கேரவன் விடும் ஓரிடத்தில் சேர்ந்தேன். வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு ஹெல்பர். ஹெல்பருக்குக் கரண்ட் வேலை தெரிந்திருந்தால் முதலாளிக்கு லாபம். அதனால் எடுத்தார்கள்.

லாரி சேசிஸ் மேல் கூண்டு கட்டி மூன்று அறைகளாகத் தடுத்த வண்டி அது. அடிவயிற்றில் ஒரு பெட்டிக்குள் 15 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர். பதினைந்து என்றதும் பதினைந்து கிலோவாட் என்று நினைத்துவிடக் கூடாது, 0.8-ஆல் பெருக்கி 12 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அறைக்கு ஒன்றாக ஒன்றரை டன் ஏ.சி. மூன்று. ஓடும்போது மூன்றும் சேர்ந்து ஐந்து கிலோவாட் சாப்பிடும். மேக்கப் கண்ணாடியைச் சுற்றி அப்போதெல்லாம் 60 வாட் குண்டு பல்புதான், கண்ணாடிக்குப் பத்து. மூன்று கண்ணாடிக்கு 1.8. டிரையர் ஒன்றரை. காஸ்ட்யூமர் எந்த அறை காலியோ அங்கே புகுந்து இஸ்திரி போடுவார், அது ஒன்று. கழிப்பறை ஹீட்டர் மூன்று. கூட்டினால் பன்னிரண்டு தாண்டிவிடும். எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் கனககிரீஸ்வரருக்கு வெந்நீரில்தான் அபிஷேகம். அவருக்கு விறகு போதும். கேரவனில் குளிப்பவர்களுக்காக மூன்று கிலோவாட்டை ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது.

ஓடும்போது இழுப்பதை மட்டும் பார்த்தால் கணக்கு முடிந்துவிடாது. ஏ.சி. கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஜெனரேட்டர் ஒரு முக்கு முக்கும், வோல்டேஜ் இறங்கும், கண்ணாடி பல்பெல்லாம் மங்கும். உள்ளே கண்ணுக்கு மை எழுதிக்கொண்டிருந்த மேக்கப்மேன் கத்துவார். இரண்டு கம்ப்ரஸர் ஒன்றாகக் கிளம்பினால் மெயினே விழுந்துவிடும். அதனால் ஒரு வரிசை உண்டு. ஜெனரேட்டரைக் கிளப்பி, சூடேற விட்டு, முதல் ஏ.சி.; அது நின்று நிதானித்தபிறகு இரண்டாவது; அப்புறம் மூன்றாவது. ஹீட்டர் போடுவதென்றால் இஸ்திரி நிறுத்த வேண்டும். இந்த வரிசையை நான் வந்த சில நாளிலேயே கரைத்துக் குடித்துவிட்டேன் என்று டிரைவர் அண்ணனுக்கு ஆச்சரியம். "எங்கடா கத்துக்கின?" என்றார். ஐ.டி.ஐ.யில் இல்லை. வீட்டில்தான்.

வீட்டில் அந்தக் காலம் எப்படி இருந்தது என்று இப்போது சொன்னால், அப்போது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 2008-ல் மெதுவாக ஆரம்பித்த மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது. மாநிலத்துக்குத் தேவையானதில் நாலாயிரம் மெகாவாட் அளவுக்குத் துண்டு விழுந்தது. சென்னைக்கு நாளைக்கு இரண்டு மணி நேர வெட்டு. எங்கள் பக்கம் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் சாதாரணம். அந்த வருடம் ஜூலை 30, 31-ல் வடக்கே மொத்தமாக இருண்டது. இரண்டாம் நாள் அறுபது கோடிப் பேருக்குக் கரண்ட் இல்லை என்று செய்தி சொன்னது. அன்றைக்கு எங்களுக்கு வழக்கமான வெட்டு மட்டும்தான். தென்மாநிலங்களின் மின்கட்டமைப்பு வடக்கோடு முழுதாகப் பின்னப்படாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்ததால் அந்த விபத்து இங்கே தொற்றவில்லை. அதே காரணத்தால் வடக்கே மிஞ்சிய கரண்ட் வேண்டிய அளவு இங்கே வரவும் வழியில்லை. இடையில் இருந்தவை சில நேர்மின் இணைப்புகள் மட்டுமே. ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் நடுவே 765 கிலோவோல்ட் பாதை 2013 டிசம்பர் 31-ல் சேர்ந்தபிறகுதான் நாடு முழுக்க ஒரே கட்டமைப்பானது.

கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கை வேலையும் கால் வேலையும்தான். ஆனால் கண் இருக்கிறதே. பட்டு இழை தலைமுடியைவிட மெல்லியது. பாவில் ஒன்று அறுந்தால் கண்டுபிடித்து முடிச்சுப் போட வேண்டும். சரிகைக் கரையில் ஊடை ஒரு இழை பிசகினால் அது சேலை முழுக்கத் தெரியும், கூலியில் பிடிப்பார்கள். பள்ளத்தறி இருக்கும் அறைக்குப் பகலிலும் வெளிச்சம் பத்தாது. சன்னலை அகலமாக வைத்தால் வெயிலும் காற்றும் பட்டுப் பாவு காய்ந்து இழை அறும் என்று வீடு கட்டும்போதே சின்னதாகத்தான் வைப்பார்கள். மின்விசிறியும் அதே காரணத்தால் தறிக்கு நேரே இருக்காது. ஆக, ஒவ்வொரு தறிக்கும் மேலே ஒரு ட்யூப்லைட். அது அணைந்தால் வேலை நின்றது. சிம்னி விளக்கு வைத்து நெய்யலாம் என்று யாரும் யோசனை சொல்லிவிடாதீர்கள். புகைக்கரி ஒரு பொட்டு சந்தன நிறப் பட்டில் விழுந்தால் அந்தச் சேலைக்கு அப்புறம் விலை பேச வழியில்லை.

அதனால் ஊரில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். எங்கள் வீட்டிலும் வந்தது. 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரி ஒன்று, விலை குறைந்த வகை இன்வெர்ட்டர் ஒன்று. அது தரும் கரண்டின் அலை சதுரமாக வரும். ட்யூப்லைட் சோக் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். அம்மாவுக்கு அந்தச் சத்தத்தில் தலைவலி வரும். நல்ல அலை தரும் இன்வெர்ட்டர் விலை கூட. ட்யூப்லைட்டின் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வதென்று அப்பா முடிவெடுத்தார்.

பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது? 150-ஐ 12-ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. காகிதத்தில் அவ்வளவு. ஆனால் ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் சூடாக்கித் தின்னும். கைக்கு வருவது எழுநூறு, எண்ணூறு. சோக்கோடு சேர்ந்த ட்யூப்லைட் ஒன்றுக்கு ஐம்பது வாட். அப்பா இந்த எண்களைக் கேட்டுக்கொண்டார், எழுதிக்கொள்ளவில்லை. அன்றே சட்டம் போட்டுவிட்டார்: கரண்ட் போனால் ஒரு தறிக்கு மட்டும் விளக்கு. அவர் நெய்யும்போது அண்ணன் இறங்கி இழை சேர்ப்பது, ஜக்கார்டு அட்டை பார்ப்பது மாதிரி வேறு வேலை. பிறகு மாறிக்கொள்வது. அம்மா வெளித்திண்ணையில் தெரு வெளிச்சத்தில் ராட்டை வைத்துத் தார் சுற்றுவார். டி.வி. கிடையாது. விசிறி கிடையாது, விருந்தாளி வந்தாலும் கிடையாது. மாமா ஒருவர் இதில் கோபித்துக்கொண்டு போனவர், வெகுநாள் வரவில்லை.

இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் எங்கள் பேட்டரி சீக்கிரமே செத்தது. ஊரில் எல்லார் பேட்டரியும் அந்த ஒன்றிரண்டு வருடத்தில் செத்தன. விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றே எல்லாரும் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அளவு பேட்டரி பாதி இறங்கினால் முழுதாக நிரம்ப ஏழெட்டு மணி நேரம் விடாமல் கரண்ட் வேண்டும். கடைசிக் கால்வாசி நிரம்புவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போகிற ஊரில் அது எப்போதும் அரைவயிறாகவே கிடந்தது. அரைவயிறாகக் கிடக்கும் ஈயத்தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் வாங்காது. இன்னொன்றும் உண்டு. பேட்டரிக்குள் ஒரு யூனிட் போட்டால் திரும்பக் கிடைப்பது முக்கால் யூனிட்கூட இல்லை. கரண்ட் வந்த நிமிடத்தில் ஊரே ஒன்றுசேர்ந்து பேட்டரிக்கு ஊட்டும், டிரான்ஸ்ஃபார்மர் திணறும், வோல்டேஜ் இறங்கும், சில சமயம் ஃபியூஸ் போய் அந்த ஒரு மணி நேரமும் கைவிட்டுப் போகும். பற்றாக்குறையைச் சமாளிக்க ஆளாளுக்கு வாங்கிவைத்தது பற்றாக்குறையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியது. இதை அப்போது எங்கள் ஊரில் யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

கரண்ட் போவதைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் முணுமுணுக்காத நாள் தேர் நாள்தான். பங்குனி உத்திரத் திருவிழாவில் பெரியநாயகி அம்மன் தேர் வரும் தெருக்களில் குறுக்கே போகும் ஒயரை முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள்.

அந்த 2012 கோடையில் நான் மகாபலிபுரம் சாலையில் ஒரு படப்பிடிப்பில், ஆளில்லாத அறைக்கு ஏ.சி. ஓட்டிக்கொண்டிருந்தேன். கதாநாயகன் எப்போது வந்து உட்காருவார் என்று தெரியாது. உட்காரும்போது அறை குளிர்ந்திருக்க வேண்டும். காலையிலிருந்து ஓடியது. மணிக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் டீசல். வீட்டுக்கு போன் போட்டால் அண்ணன், "கரண்ட் போயி ரெண்டு அவர் ஆவுது, பேட்டரி கூவ ஆரம்பிச்சிடுச்சி" என்பான். எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். கோபமெல்லாம் வரவில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தது, அதில் ஒரு பகுதி புதுப் பேட்டரிக்குப் போனது. ஆனால் ஒன்று பார்த்தேன்: பதினைந்து கே.வி.ஏ. வண்டியில் இருந்தவர்களுக்குத் தெரியாத வரிசை, ஒரே ஒரு பேட்டரி வைத்திருந்த எங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எதை எப்போது அணைக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நேரடி ஒலிப்பதிவு வைக்கும் படங்களில் மட்டும் கேரவன்காரனுக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. "சைலன்ஸ்" என்பதற்கு முன்னால் உதவி இயக்குநர் ஓடிவந்து "ஜெனரேட்டர் ஆஃப்!" என்பார். அத்தனை ஏ.சி.யும் நிற்கும். பேட்டரியில் விளக்கும் ஒரு சின்ன விசிறியும்தான். கூண்டு வண்டி வெயிலில் எவ்வளவு நேரத்தில் கொதிக்கும் என்று அப்போது அவர்களுக்கே தெரியும். பெரிய நடிகர் ஒருவர் லுங்கியோடு இறங்கி வந்து வேப்பமர நிழலில் எங்களோடு உட்கார்ந்து, "ஊர் எதுப்பா?" என்று கேட்டது அப்படி ஒரு சமயத்தில்தான். பட்டுத்தறி என்றதும் விலை கேட்டார்.

பயமான விஷயங்களும் இருந்தன. வண்டியின் ஜெனரேட்டரை ஓட்டாமல், படக்கம்பெனி கொண்டுவரும் பெரிய ஜெனரேட்டர் வண்டியிலிருந்து லைன் இழுப்பதும் உண்டு. நீளமான கேபிள், வயல்வெளி, வழியில் பத்து இணைப்பு. எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் மூன்று ஃபேஸும் ஒன்றோடொன்று மோதி, 230 வாங்க வேண்டிய டி.வி.க்கு 350, 400 வோல்ட் வரை போய்விடும். ஒரு தடவை பக்கத்து வண்டியில் மூன்று அறை டி.வி.யும் வரிசையாகப் புகைந்ததைப் பார்த்திருக்கிறேன். கேபிளைச் செருகியதும் மீட்டர் வைத்து மூன்று ஃபேஸையும் நியூட்ரலோடு அளந்துவிட்டுத்தான் மெயினைத் தூக்குவது அதிலிருந்து வந்த பழக்கம். இன்னொன்று எர்த். வண்டி நிற்பது ரப்பர் டயரில். உள்ளே எங்காவது கசிந்தால் தகரக் கூண்டு முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று படிக்கட்டுக் கம்பியைப் பிடிப்பவருக்குத்தான் தெரியும். அது பெரும்பாலும் டீ கொண்டுவரும் புரொடக்‌ஷன் பையனாக இருப்பான். வண்டி நின்றதும் முதல் வேலையாக இரும்புக் கம்பி ஒன்றைத் தரையில் அடித்து, தண்ணீர் ஊற்றி, எர்த் ஒயரைக் கட்டுவோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும் பிரேக்கரும் உள்ளே இருந்தது. அது அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்ட வண்டிகளும் அந்தத் தொழிலில் உண்டு. விழுவதுதான் அதன் வேலை.

எங்கள் டிரைவர் அண்ணன் படித்தவரில்லை. ராத்திரி படப்பிடிப்பு முடிந்து ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டிக்குள் படுக்கவே விடமாட்டார். ஏ.சி. இருக்கிறது, மெத்தை இருக்கிறது, ஆள் இல்லை. யாருக்குத்தான் ஆசை வராது? "புகை உள்ள வர்றது தெரியாதுடா. தெரிஞ்சாதான் எழுந்துக்குவியே" என்பார். ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் பாயை விரிப்பார். எனக்கு அது வயசானவர்களின் பிடிவாதம் என்றுதான் இருந்தது. கேரளத்தில் வடகரை பக்கம் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்த செய்தி 2024 டிசம்பரில் வந்தது. ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. நிறமில்லை, வாசனையில்லை. டிரைவர் அண்ணனுக்கு போன் போட்டேன். செய்தியை அவரும் பார்த்திருந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சின்னப் பசங்களுக்கு யாரு சொல்றது" என்றார்.

2020-ல் கொரோனாவுக்குப் படப்பிடிப்பெல்லாம் நின்றது. கேரவன்கள் வரிசையாக ஒரு மைதானத்தில் நின்றன. ஓட்டாமல் விட்ட பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. நான் ஊருக்குத் திரும்பி வீட்டு ஒயரிங், மோட்டார் ரிப்பேர் என்று பார்க்க ஆரம்பித்தேன். கேரவனை மறந்தாயிற்று என்று நினைத்திருந்தபோது, வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் பழைய வேன் ஒன்றோடு வந்து நின்றார். குடும்பத்தோடு ராமேஸ்வரம், கொல்லிமலை என்று போக வேண்டும். வண்டியிலேயே படுத்துச் சமைத்துச் சாப்பிட வேண்டும். வண்டியை மாற்றிக் கட்ட ஆர்.டி.ஓ. அனுமதியெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். கரண்ட் மட்டும் என் பொறுப்பு. ஜெனரேட்டர் கூடாது என்று முதலிலேயே சொன்னார். பெரிய நிம்மதி.

வேன் எங்கள் தெருவில்தான் நின்றது. விடியற்காலையில் பாவு நீட்டிப் போடுகிற தெரு. ஏழெட்டு மணிக்குப் பாவைச் சுருட்டியபிறகு வேனை நடுவில் நிறுத்தி வேலை பார்ப்பேன். இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டு, லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று, 12.8 வோல்ட்டில் 200 ஆம்பியர்-மணி. 2,560 வாட்-மணி ஆகிறது. ஈய-அமிலம் மாதிரி பாதிக்கு மேல் தொடாதே என்கிற தொல்லை இல்லை, முக்காலே அரைக்கால் வரை எடுக்கலாம். கூரையில் 400 வாட்டுக்கு சோலார். ஓடும்போது என்ஜின் ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியருக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தும் ஒரு சார்ஜர். அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் லித்தியம் இருப்பதையெல்லாம் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நான்கு மணி நேரம் ஓட்டினால் 120 ஆம்பியர்-மணி உள்ளே வந்திருக்கும்.

சாயங்காலம் தறி இறங்கிய அப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பார். கட்டைவிரல் பருமன் ஒயரை நான் இழுப்பதைப் பார்த்து, "பன்னெண்டு வோல்ட்ல ஷாக்கே அடிக்காதுன்ற. அப்ப எதுக்குடா இவ்ளோ தடி ஒயர்?" என்றார். ஆயிரம் வாட் வேண்டுமென்றால் 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியர் போதும், 12 வோல்ட்டில் தொண்ணூறு ஆம்பியர் ஓடவேண்டும், மெல்லிய ஒயர் பழுத்துவிடும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பத்தாயிரம் கூலிய ஐந்நூறு ரூபா நோட்டா குடுத்தா பையில போட்டுக்கினு வரலாம். அஞ்சு ரூபா காசா குடுத்தா மூட்டை கட்டணும். அதானே?" அதேதான். மூட்டை அவிழ்ந்தால் சிதறாமல் இருக்க, பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ். ஷாக் அடிக்காத கரண்ட்தான் வண்டியைக் கொளுத்தும் கரண்ட் என்று வேன்காரரிடமும் சொல்லிவைத்தேன்.

வேன்காரருக்கு ஏ.சி. வேண்டும் என்று ஆசை. அதில்தான் எங்களுக்குள் சண்டை. ஒரு டன் ஏ.சி. சராசரி ஒரு கிலோவாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்தில் பேட்டரி காலி. இரவுக்கு எட்டு மணி நேரம் இருக்கிறது. சோலார் இருக்கிறதே என்றார். வெயிலில் நின்றால்தான் சோலார், நிழலில் நின்றால்தான் வண்டிக்குள் மனிதர் இருக்க முடியும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். நல்ல வெயிலிலும் முழுதாக வராது. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் தகடு 65 டிகிரிக்குச் சூடேறும். 25-க்கு மேலே ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் குறைகிறதென்றால் பதினாறு சதவீதம் போயிற்று. ஒரு வேப்பங்கிளை நிழல் தகட்டின் மூலையில் விழுந்தாலே பாதிக்குப் பாதி அடிபடும். இண்டக்‌ஷன் அடுப்பு அரைமணி நேரம் எரிந்தால் 900 வாட்-மணி. சமையலுக்குச் சின்ன கேஸ் சிலிண்டர், காற்றுக்கு முப்பது வாட் பி.எல்.டி.சி. விசிறி இரண்டு, ஒரு சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ், எல்.இ.டி. விளக்கு. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,250 வாட்-மணி. வெயிலே இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட இரண்டு நாள் தாங்கும். "இதுக்கு நான் லாட்ஜ்லயே தங்குவேனே" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், மறுநாள் வந்து சரி என்றார். அவர் மனைவி பேசியிருக்க வேண்டும்.

கடைசியாக மாட்டியது ஒரு மீட்டர். பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தில் ஒரு ஷன்ட் வைத்து, உள்ளே வந்த ஆம்பியர்-மணி எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று காட்டுகிற சின்னப் பெட்டி. வோல்டேஜைப் பார்த்துப் பேட்டரியின் நிலையைச் சொல்வது ஊகம்தான். லித்தியத்தில் அது இன்னும் மோசம், காலியாகும் வரை ஒரே வோல்டேஜைக் காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று விழும். வேன்காரர் இதற்கு எதற்குச் செலவு என்றார். அப்பாவுக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆயுள் முழுக்கப் பட்டையும் சரிகையையும் முதலாளி வீட்டில் எடை போட்டு வாங்கி, சேலையை எடை போட்டுத் திருப்பிக் கொடுத்தவர். விசிறியைப் போடச் சொன்னார், எண் மாறியது. விளக்கைப் போடச் சொன்னார். ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னார். என்ஜினைக் கிளப்பச் சொன்னார். இறங்கிக்கொண்டிருந்த எண் ஏற ஆரம்பித்தது. வண்டியை எடுக்க வந்தவரை அரைமணி நேரம் காக்கவைத்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி அப்பா காகிதமும் பேனாவும் கேட்டார். பல வருடமாக வீட்டில் ஒரு பேச்சு. ஜக்கார்டு பெட்டியைத் தூக்கும் மிதியைக் காலால் மிதித்து மிதித்து அவர் முட்டி போய்விட்டது. அதற்கு மோட்டார் வைத்துக்கொண்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவந்தார். கரண்ட் போட்டால் அது கைத்தறியா என்பது ஒன்று, பில் என்ன ஆகும் என்பது இன்னொன்று. கைத்தறிக்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்று 2006-ல் நூறாக இருந்தது, 2016-ல் இருநூறாகி, 2023-ல் முன்னூறு ஆகியிருக்கிறது. அரை எச்.பி. மோட்டார் என்றால் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டார். 373 வாட் வேலைக்கு ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது வாட் உள்ளே போகும், விடாமல் முழுப் பாரத்தில் ஓடினால் நாளைக்கு நாலரை யூனிட்டுக்குள் என்றேன். இரண்டு மாதத்துக்கு ஐம்பது நாள் வேலை. 220 என்று எழுதினார். முன்னூறில் மிச்சம் எண்பது. விளக்கு, வீட்டுச் செலவுக்கு இழுத்துப் பிடித்தால் போதும்.

"கரண்ட் போனா?"

கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், இப்போது இருக்கிற இன்வெர்ட்டர் தூக்காது, பெரிசு வேண்டும், பேட்டரியும் இரண்டு வேண்டும் என்றேன். முன்னூறுக்குக் கீழே கோடு போட்டார். மோட்டார் வைத்தால் கைத்தறிக் கணக்கில் விடுவார்களா என்று அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அண்ணன் விசாரித்துச் சொல்கிறேன் என்றான்.

"மோட்டார் கிடக்கட்டும். அந்த வண்டில மாட்டுனியே, உள்ள எவ்ளோ, வெளிய எவ்ளோன்னு காட்ற பொட்டி. அது நம்ம பேட்டரிக்கு ஒண்ணு போடுறியா?"

விலையைச் சொன்னேன். கூலி வரட்டும் என்றார்.